டிப்பர் லாரியின் முதுகில் ஒரு டிப்பர்: பல பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் டிப்பர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், ஒதுங்க இடம் கிடைக்கும்வரை அதன் முதுகைப் படித்துக்கொண்டே போக வேண்டியதுதான். சில லாரிகளில் ‘யூஸ் டிப்பர் அட் நைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வண்டியும் டிப்பர், வண்டியில் எழுதியிருப்பதும் டிப்பர். ஆனால் இந்த இரண்டு டிப்பருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவன். வாத்தியார் வேலை வரும்வரை ஓட்டலாம் என்று ஆரம்பித்து, இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் தொழிலில் ‘டிப்’ இல்லாமல் ஒரு நாளும் நகராது. டிப்ஸ் வாங்குகிறோம். கொண்டை ஊசி வளைவில் டிம்-டிப் அடிக்கிறோம். டீ ஃபேக்டரியில் டிப் டீ வாங்க ஆள் இறக்கிவிடுகிறோம். ஸ்டாண்டில் பேப்பரைப் பிரித்தால் யாரையோ ஏமாற்றிய ‘டிப்டாப் ஆசாமி’ நிற்கிறான். ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தத்தை எப்படி அண்ணா ஞாபகம் வைப்பது என்று ஸ்டாண்டுப் பையன்கள் கேட்பார்கள். ஞாபகம் வைக்க வேண்டாம். பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதை டிப்பை வைத்தே செய்து காட்டுகிறேன்.

முதலில் வாக்கியங்களைப் பிடியுங்கள்

அகராதியைக் கடைசியில் திறக்கலாம். முதல் வேலை, அந்தச் சொல் வருகிற வாக்கியங்களைக் கேட்டபடியே எழுதி வைப்பது. சொல்லை மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை, முழு வாக்கியம் வேண்டும். என் போனில் இருப்பவை சில:

‘ரூம் பாய்க்கு டிப்ஸ் கொடுத்தாச்சா?’ ‘பேனா டிப் மடங்கிடுச்சு.’ ‘எம்-சாண்ட் ரெண்டு டிப்பர் இறக்கணும்.’ ‘எதிர்ல வண்டி வருது, டிப் பண்ணுங்க.’ ‘முடி கொட்டாம இருக்க ஒரு டிப்ஸ் சொல்லுங்க மேடம்.’ ‘ஆள் பார்க்க டிப்டாப்பா இருந்தான் சார், நம்பிட்டேன்.’

இன்னொன்று, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து போனில் சொன்னது: தன் பேரனின் அறை ‘அப்சொல்யூட் டிப்’ என்று. குரலில் இருந்த சலிப்பைக் கேட்டால், பாராட்டு இல்லை என்று புரிந்துவிடும்.

யார் சொன்னார், எங்கே சொன்னார் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

டைகர் டி, டாக் டி

ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் வரும். இரண்டு ஆங்கில எழுத்துக்கு நம்மிடம் ஒரே ‘ட’ தான். எழுத்தின் பெயரைச் சொன்னால்கூடக் குழப்பம், இரண்டுமே ‘டி’. பள்ளிக்கூடப் பாணியில் டைகர் டி, டாக் டி என்று வைத்துக்கொள்வோம். பட்டியலை முதலில் இந்த இரண்டு கூடையில் போடுங்கள்.

டாக் டிப் சுலபம். பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் சொல், முக்குவது என்று பொருள். ஆழத்தைக் குறிக்கும் ‘டீப்’, தலைகுப்புறப் பாயும் ‘டைவ்’ இரண்டும் இதற்குச் சொந்தம். தேயிலைத்தூள் அடைத்த பையை வெந்நீரில் முக்குவதால் டிப் டீ. மோமோவுடன் வரும் சட்னிக்கு டிப் என்று பெயர் வைப்பதும் அதே முக்கல்தான். உண்ணி போக செம்மறியாட்டை மருந்துத் தண்ணீரில் முக்கியெடுப்பதையும் ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்வார்கள்; சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணைப் பக்கம் போகும்போது வண்டியில் இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். ஹெட்லைட்டின் ஒளியை எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் கீழே தாழ்த்துவதும் இந்த டிப்தான். அதைச் செய்கிற சுவிட்சு டிப்பர். லாரியின் முதுகு ‘இரவில் பயன்படுத்து’ என்று கேட்பது இதைத்தான். பாதிப் பேர் படிப்பதில்லை என்பது ராத்திரியில் பர்லியாறு ஏறினால் தெரியும்.

இந்தக் கூடையை மூடி வைத்துவிடலாம். மீதியெல்லாம் டைகர் டிப். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

தொல்காப்பியர் கொடுத்த மூன்று சோதனை

‘பலபொருள் ஒருசொல்’லை எப்படித் தெரிந்துகொள்வது என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஒரு நூற்பா இருக்கிறது: ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே.’ அதாவது சொல்லோடு சேர்ந்து வரும் வினையைப் பார், கூட நிற்கும் இனத்தைப் பார், பேசுகிற சூழலைப் பார். உரைக்காரர்கள் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக் காட்டுவார்கள். ‘மா பூத்தது’ என்றால் மரம், பூத்தது என்ற வினை சொல்லிவிட்டது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் கூட நிற்கும் மருதமரம் சொல்லிவிட்டது. போருக்குக் கவசம் மாட்டிக்கொண்டு நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் மாம்பழம் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, குதிரை.

கல்லூரியில் இதைப் பரீட்சைக்குப் படித்தேன். ஆங்கிலத்துக்கு இது இவ்வளவு உதவும் என்று ஒரு பேராசிரியரும் சொல்லித் தரவில்லை.

டைகர் டிப் வாக்கியங்களில் வினையை மட்டும் அடிக்கோடிடுங்கள். மடங்கியது, ஒடிந்தது, கிள்ளினார் என்று வந்தால் டிப் என்பது நுனி. கொட்டியது, சாய்ந்தது, இறக்கியது என்று வந்தால் கவிழ்ப்பது. கொடுத்தார், வாங்கினார், சொன்னார் என்று வந்தால் மூன்றாவது வகை. பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

முடியாத இடத்தில் இனத்தைப் பாருங்கள். பேனா, மூக்கு, சிகரெட், கொழுந்து இவற்றின் பக்கத்தில் நின்றால் நுனி. மண், ஜல்லி, குப்பை என்றால் கவிழ்ப்பு. வெயிட்டர், ரூம் பாய், டிரைவர் என்றால் காசு.

சார்புக்கு வேலை வருவது எப்போது? ‘ஐ வில் கிவ் யூ எ டிப்’ என்று பயணி சொல்கிறார். வினை ‘கொடு’. இனம் பார்த்தால் அவரும் நானும்தான். காசும் கொடுக்கலாம், யோசனையும் கொடுக்கலாம். ரயில்வே ஸ்டேஷனில் பெட்டியை இறக்கிய பிறகு பர்ஸை எடுத்துக்கொண்டே சொன்னால் முதலாவது. ‘இந்த ரோட்டில் செகண்ட் கியரில் போனால் பிரேக் சூடாகாது’ என்று பாதி வழியில் நமக்கே பாடம் எடுக்க ஆரம்பிப்பவர் சொன்னால் இரண்டாவது. இரண்டாவது வகை ஆட்கள் பெரும்பாலும் முதலாவதைக் கொடுப்பதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வினையும் இனமும் சேர்ந்தும் பிரிக்க முடியாத இரண்டு பொருள்கள் ஒரே வேரிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். இது துப்புதான், சாட்சி இல்லை. சாட்சிக்கு இப்போது அகராதியைத் திறக்கலாம்.

அகராதியை எப்படிப் பார்ப்பது

நல்ல ஆங்கில அகராதியில் டைகர் டிப்பைத் தேடினால் ஒரே சொல் இரண்டு மூன்று முறை தனித்தனிப் பதிவாக வரும். தலையில் 1, 2, 3 என்று சின்ன எண் இருக்கும். அந்த எண் பெரும்பாலும் பிறப்பைக் காட்டுவது. எண் வேறென்றால் பிறப்பு வேறு, எழுத்துக்கூட்டு மட்டும் ஒன்றாகப் போனவை. ஒரு பதிவுக்குள்ளே வரும் 1, 2, 3 பொருள்கள் ஒரே சொல்லின் கிளைகள். இந்த இரண்டு வகை எண்ணையும் கலக்காமல் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. இணையத்தில் இலவசமாக ‘எட்டிமாலஜி ஆன்லைன்’ என்ற சொற்பிறப்பு அகராதி இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். பொருளைவிட முதலில் ஆண்டைப் பாருங்கள். எது முந்தி, எது பிந்தி என்று தெரிந்தால் எதிலிருந்து எது வந்திருக்க முடியாது என்பது தெரியும்.

டிப்பைப் பார்த்தால் நம் மூன்று குவியலும் அப்படியே வரும்.

நுனி டிப், டச்சு, ஜெர்மன் பக்கத்துச் சொற்களுக்கு உறவு. விரல் நுனியில் நடப்பது ‘டிப்டோ’. நாக்கு நுனி, பனிப்பாறையின் நுனி எல்லாம் இதுதான். டால்ஃபின்ஸ் நோஸ் பாறையின் விளிம்பையும் இந்த டிப்பால் சொல்லலாம்; கம்பித் தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேயிலையில் டிப் என்றால் விரியாத மொட்டு. ஃபேக்டரிப் பலகையில் ‘டிப்பி கோல்டன் ஃப்ளவரி ஆரஞ்சு பீக்கோ’ என்று ரகத்தின் பெயர் நீளமாக எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு ஆரஞ்சுப் பழ வாசனை வருமா என்று கேட்காத ஆளே இல்லை. பழம் எதுவும் கிடையாது. பீக்கோ என்பது சீன மொழிச் சொல்லிலிருந்து வந்தது. இளமொட்டின் மேல் இருக்கும் வெள்ளைப் பூனைமயிரைக் குறிப்பது. ஒரு மொட்டைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பினால் அந்த மயிர் தெரியும். இலையை உருட்டும்போது அதில் சாறு ஏறி, காய்ந்த பிறகு பொன்னிறமாக நிற்கும். டிப்பி என்றால் அந்த மொட்டு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். நம் மலையில் பெரும்பாலும் இலையை நசுக்கிக் குருணையாக்கும் சி.டி.சி. தூள்தான் என்பதால், இந்தப் பெயர் போட்ட பாக்கெட்டை வாங்குபவர்களைவிடப் படம் எடுப்பவர்கள் அதிகம்.

‘டிப்டாப்’பும் இந்தக் குவியல்தான். 1700களின் தொடக்கத்தில் ‘உச்சியின் உச்சி’ என்று இருந்து, சீக்கிரமே ‘முதல்தரம்’ என்று ஆனது. ஆங்கிலத்தில் அது நல்ல சொல். தமிழ்ப் பத்திரிகைக்குள் நுழைந்ததும் அதன் நடத்தை கெட்டுவிட்டது. நம்மூர்ச் செய்தியில் ஒருவன் டிப்டாப்பாக வருகிறான் என்றால் நகையோ பணமோ போகப்போகிறது.

கவிழ்ப்பு டிப், 1300 வாக்கிலேயே ‘தள்ளி விழவைப்பது’ என்ற பொருளில் வருகிறது. எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்கே சந்தேகம், ஸ்காண்டிநேவியப் பக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். தொட்டியைத் தூக்கிச் சாய்ப்பதால் டிப்பர் லாரி. பிரிட்டனில் குப்பை கொட்டும் இடத்துக்கே டிப் என்று பெயர். அந்த அம்மாவின் பேரன் அறை இப்போது புரிந்திருக்கும். குடித்துவிட்டு லேசாகத் தள்ளாடுபவரை ‘டிப்ஸி’ என்பதும் இதிலிருந்துதான், சாயப்போகிறவர் என்று. 16ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊட்டியிலிருந்து இறங்கும்போது பின்சீட்டில் இந்த வகை டிப் நிறையக் கிடைக்கும், மற்ற வகை கிடைக்காது.

காசு டிப் எனக்குப் பிடித்த கதை. 1600களின் தொடக்கத்தில் இது திருடர்களின் ரகசியப் பேச்சில் இருந்த சொல். கொடு, கைமாற்று என்று பொருள். லேசாகத் தட்டுவது என்ற பொருளுள்ள இன்னொரு டிப்பிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதி சொல்கிறது. அந்த ‘இருக்கலாம்’ முக்கியம். நாம் யாருக்காவது திருப்பிச் சொல்லும்போதும் அதைப் போட்டே சொல்ல வேண்டும். நூறு ஆண்டு கழித்து, 1700களின் தொடக்கத்தில், வேலையாளுக்குச் சந்தோஷமாகக் கொடுக்கும் சில்லறை என்ற பொருள் வந்துவிட்டது. ஸ்டாண்டில் இதைச் சொன்னபோது எங்கள் சீனியர் டிரைவர் ஒருவர், ‘திருடன் பாஷையா? கேட்கும்போதே ஒரு மாதிரிதான் இருக்கும்’ என்றார். கூச்சம் உள்ள மனிதர்.

அப்புறம் யோசனை டிப். இதே குவியலில் ‘டிப் தி விங்க்’ என்று 17ஆம் நூற்றாண்டுச் சொற்றொடர் ஒன்று உண்டு. கண்ணைக் காட்டி ரகசியமாகத் தெரிவிப்பது. கொடுப்பது சில்லறையாக இருந்த இடத்தில் தகவல் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத்தில் இது நன்றாக ஊன்றிவிட்டது: எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று காதோரம் சொல்வது டிப், சொல்பவர் டிப்ஸ்டர். கோடை சீசனில் ஊட்டியில் ரேஸ் நடந்த காலத்தில் டிக்கெட் வாங்கப் போகிறவர்கள் எங்களிடமே ‘ஏதாவது டிப்ஸ் இருக்கா?’ என்பார்கள். குதிரை டிப்ஸ்தான் சமையல் டிப்ஸ், பியூட்டி டிப்ஸ், பிளஸ் டூ பரீட்சை டிப்ஸ் எல்லாவற்றுக்கும் முன்னோர். நடுவில் ரகசியம் மட்டும் கழன்றுபோனது. தமிழில் பன்மை ஒட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு ‘ஒரு டிப்ஸ்’ என்று ஆகிவிட்டது. அதைத் திருத்தப் போகாதீர்கள், ‘ஒரு சிப்ஸ்’ என்று யாரும் திருத்திக்கொள்ளவில்லை.

ஆக, வினையாலும் இனத்தாலும் பிரியாத காசு டிப்பும் யோசனை டிப்பும் அகராதியிலும் ஒரே குவியலில்தான் இருக்கின்றன. துப்பு சரியாகத்தான் சொன்னது.

வாட்ஸ்அப் கதைகளைத் தட்டிப் பார்ப்பது

சொல்லின் பிறப்பைத் தேடினால் வழியில் கட்டுக்கதை நிறைய வரும். டிப் என்பது ‘டு இன்ஷூர் பிராம்ப்ட்னஸ்’, அதாவது ‘சுறுசுறுப்பாகக் கவனிப்பதற்காக’ என்பதன் முதலெழுத்துகள், அந்தக் காலச் சாராயக் கடையில் பெட்டி மேல் எழுதி வைத்திருந்தார்கள் என்று ஒரு பயணி ஒருமுறை வண்டி முழுக்க விளக்கிக்கொண்டு வந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதை எழுத்தில் தலைகாட்டுவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சொல்லோ அதற்கு முந்நூறு ஆண்டு மூத்தது. தாத்தா பிறந்த கதையைப் பேரன் பிறந்த பிறகு யாரோ கட்டியிருக்கிறார்கள்.

முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் பழக்கம் ஆங்கிலத்தில் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான். எனவே அதற்கு முந்திய எந்தச் சொல்லுக்காவது யாராவது முதலெழுத்து விளக்கம் கொடுத்தால், ஆண்டைப் பார்க்கும்வரை நம்பாதீர்கள். வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு சேர்ந்தது ‘நியூஸ்’ என்பது நம் பொது அறிவுப் புத்தகங்களில் இன்னும் ஓடுகிறது. ‘நியூ’ என்பதன் பன்மைதான் நியூஸ், புதியவை, அவ்வளவுதான். இந்தியாவுக்குக் கப்பலில் வந்த துரைமார் நிழல் விழும் பக்கத்து அறை எடுத்ததால், ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதன் முதலெழுத்துகளாக, ஆடம்பரத்தைக் குறிக்கும் ‘பாஷ்’ என்ற சொல் வந்தது என்பதும் இதே ஜாதிதான். பழைய பங்களாவில் நின்று சொன்னால் எடுபடும், ஆதாரம் கிடையாது.

இன்னொரு கதை நமக்கு நெருக்கமானது. ‘கேஷ்’ தமிழ்க் காசிலிருந்து போனது என்று பெருமையாகச் சொல்வோம். அகராதியைத் திறந்தால் கேஷ் இரண்டு பதிவு. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது; கேஷியர் அந்தக் குடும்பம். இரண்டாவது கேஷ், தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்ன நாணயங்களுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். அது போர்ச்சுகீசியர் வழியாக நம் காசிலிருந்து போனதேதான். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் அந்தக் கேஷுக்குத் தனி இடமே இருக்கிறது. ஆகவே காசு போனது உண்மை, ஏ.டி.எம்.மில் எடுக்கிற கேஷ் அது இல்லை. தமிழ்ப் பெருமைக்கு மாங்காய் இருக்கிறது. ‘மேங்கோ’வின் பின்னால் அது நிற்பதைப் பல அகராதிகள் ஒத்துக்கொள்ளும்.

இனி நீங்கள்

‘பாஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பாஸ், பரீட்சை பாஸ், ஃபுட்பால் பாஸ், மலைக் கணவாய்க்கு ஆங்கிலத்தில் சொல்லும் பாஸ், முதலாளி பாஸ். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் வேறு. முதலில் எழுத்துக்கூட்டைப் பார்த்து இரண்டு கூடையாகப் பிரியுங்கள். தமிழில் ஒன்றாக எழுதுவதில் ஒன்று டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. மற்றவற்றை லத்தீனில் ‘காலடி’ என்று பொருள்படும் ஒரு சொல்லோடு சேர்த்துப் பாருங்கள், எத்தனை சேர்கிறது என்று. வினை, இனம், சார்பு மூன்றும் ஞாபகம் இருக்கட்டும். கல்லாறு சோதனைச் சாவடிக்கு முன்னால் நாங்கள் வண்டிக்காரர்களிடம் கேட்கிற கேள்வியிலேயே ஆரம்பிக்கலாம்: ‘பாஸ், இ-பாஸ் எடுத்தாச்சா?’